‘டைம் இருக்கு’ என்று சொன்னவன்

செவ்வாய், முற்பகல் பதினொன்றரை மணி. சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் பறந்து போர்ட் பிளேயரில் இறங்கினேன். பலகைகளில் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று எழுதியிருக்கிறார்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் பழைய பெயரைத்தான் சொன்னார். திண்டிவனத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பொழுது விடியவில்லை. கண் எரிந்தது. வெளியே வந்த ஐந்தே நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜங்லிகாட்டுக்கு நூறு ரூபாய் என்றார். பேரம் பேசத் தெம்பில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

“ஹாவ்லாக்கா சார்? பேக்கேஜா?”

“இல்லங்க. கேம்பல் பே.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அங்க டூரிஸ்ட் யாரும் போறதில்லையே. சொந்தக்காரங்களா?”

“தெரிஞ்சவங்க.”

“ஷிப் டிக்கெட் கைல இருக்கா? இல்லேன்னா கஷ்டம். மெயின்லாண்டுக்கு ஃபிளைட்ல போயிடலாம், கேம்பல் பே போறதுதான் பாடு.” ஒரு ஏற்றத்தில் கியரை மாற்றிக்கொண்டு அவரே தொடர்ந்தார். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். “இங்க எல்லாம் வந்துருச்சு சார். ரயில் ஒண்ணுதான் இல்ல. என் பொண்ணு காலேஜுக்கு சென்னை போனப்பதான் முதமுதல்ல பாத்துச்சு. பயந்துபோய் போன் பண்ணுச்சு, அப்பா அது நிக்கவே மாட்டேங்குதுன்னு.”

அவர் சிரித்தார். நான் கடல் தெரிகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

என்னைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராமலிங்கம், வயது ஐம்பத்து நான்கு. காய்கறி விதை விற்பனைப் பிரதிநிதி. இருபத்தெட்டு வருடங்களாக வாரத்தில் மூன்று நாள் ரயிலில் போய்வருகிறவன். நான் பார்க்கப் போகிற குணசேகரன், சுருக்கமாகக் குணா, நிகோபாரின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் பிறந்து வளர்ந்தவர். ஐந்து வருடங்களுக்கு முன்பு, வாழ்க்கையில் முதல் தடவையாக ரயிலில் ஏறிய அன்றே வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அன்று அவருக்கு எதிர் இருக்கையில் இருந்தவன் நான். இரண்டு மாதங்களுக்கு முன்பு போன் செய்து, “பாப்பாவுக்குக் காது குத்துறோம், நீங்க கண்டிப்பா வரணும்ணே” என்றார். ஐந்து வருடமாக ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

மாலை நாலு மணி. ஜங்லிகாட் லாட்ஜில் குளித்துவிட்டு டெலானிபூருக்குப் போனேன். மேட்டில் வரிசையாக அரசுக் குடியிருப்புகள், துணி காயும் பால்கனிகள், எங்கேயோ ஒரு குக்கர் விசில். குணாவின் மனைவி வனஜாவுக்கு அக்கா ரேவதி அங்கே இருக்கிறார். கப்பல் டிக்கெட்டில் தீவுவாசிகளுக்குத்தான் முதல் இடம். வெளியாளான எனக்கு அலைந்து திரிந்து டிக்கெட்டும் அதற்கு வேண்டிய தாள்களும் வாங்கி வைத்திருந்தவர் அவர். காபி கொடுத்துவிட்டு, சின்ன வெல்வெட் பை ஒன்றையும் என் கையில் வைத்தார்.

“பாப்பாவோட தோடு. நீங்களே கொண்டுபோயிடுங்க. மாமன் கையால வர்றதுதானே முறை.”

எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

“குணா சொல்லலையா? எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது, மூணும் பொண்ணுங்க. யார் மடியில உக்கார வச்சுக் காது குத்துறதுன்னு பேச்சு வந்துச்சு. வனஜாதான் சொன்னா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கண் முழிச்சுப் பாத்துக்கிட்டாரே, அவரை விட யாரு மாமன்னு. அவ மாமனாரும் சரின்னுட்டார்.”

காபி நல்ல சூடாக இருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். ஜங்லிகாட் வரை நடந்தே வந்தேன். இறக்கம்தான். ஆனாலும் மூச்சு வாங்கியது.

புதன், மாலை மூன்று. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கப்பல் கிளம்பியது. கேம்பல் பே கடல்வழியில் ஏறத்தாழ ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். நடுவில் கார் நிகோபாரிலும் கமோர்ட்டாவிலும் நின்று போகும். எனக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில் ஒரு படுக்கை. ரயில் பெர்த் அளவுதான், சன்னல் மட்டும் கிடையாது. சுற்றிலும் அரிசி மூட்டை, டிவி பெட்டி, கூண்டோடு கோழிக்குஞ்சு. டீசல் வாசனையும் யாரோ வாந்தி எடுத்த வாசனையும் கலந்து மூக்கிலேயே நின்றது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறிவித்தார்கள். அரை மணி முன்பு மறுபடி அறிவித்தார்கள். சங்கு ஊதினார்கள். அதற்குப் பிறகும் ஏணியை எடுக்காமல், மூச்சிரைக்க வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டார்கள்.

அதைப் பார்த்ததும் குணா ரயிலில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. “கிளம்புறதுக்கு முன்னாடி அனவுன்ஸ் பண்ணுவாங்கல்ல சார்?”

வியாழன், காலை ஏழு. கார் நிகோபார். அலை அதிகம் என்று கப்பல் கரைக்குப் போகவில்லை. சற்றுத் தள்ளி நிறுத்தி, சிறிய படகுகளைப் பக்கவாட்டுக் கதவுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். படகு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே வந்தது, கீழே போனது. கதவில் இரண்டு மாலுமிகள். இறங்க வேண்டியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, “ருக்கோ, ருக்கோ” என்று நிறுத்தி வைத்தார்கள். படகு மேலே எழும்பிய அந்தக் கணத்தில் மட்டும், “அப்!” என்றார்கள், இப்போது என்று. ஆள் படகில் இருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். தலையில் பெட்டியோடு ஒருவர் இறங்கினார்.

என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தார். பெயர் சரஸ்வதி, கச்சால் தீவுக்குப் போகிறவர். கமோர்ட்டாவில் இறங்கி வேறு படகு பிடிக்க வேண்டுமாம். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சாலில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம்.

“பயமா இருக்கா ஐயா?” என்றார்.

“தவறிட்டா?”

“தவறினா தண்ணி. தூக்கிப் போட்டுருவாங்க. படகுக்கும் கப்பலுக்கும் நடுவுல போனாத்தான் ஒண்ணும் செய்ய ஏலாது. அதுக்குத்தான் புடிச்சு வச்சிருக்காங்க. கீழ போனது திரும்ப மேல வரும்ல, அதுவரைக்கும் நின்டா போதும்.”

கடல் திரும்ப மேலே வரும். ரயில் ஒரே பக்கமாகத்தான் போகும், போகப் போக வேகம் கூடும். இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்று பகல் முழுவதும் படுக்கையை விட்டு எழவில்லை. அந்தமானுக்கும் நிகோபாருக்கும் நடுவிலிருக்கும் பத்து டிகிரி கால்வாயில் உண்டான ஆட்டத்தைக் கப்பல் இன்னும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. எண்பது ரூபாய்க்கு வாங்கிய சாப்பாடு தொடாமலே கிடந்தது. கண்ணை மூடினால் அந்த நடைமேடை வந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தெற்கே போகிற பகல் வண்டி. குணாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. சித்தப்பா மகன் கல்யாணத்துக்காக சிவகங்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் ஊரில் பெண் நிச்சயமாகியிருந்தது. வனஜாவின் போட்டோவை எனக்குக் காட்டினார். வண்டியில் எல்லாவற்றையும் கேட்டார். எப்படித் தண்டவாளம் மாறுகிறது, சங்கிலியை இழுத்தால் என்ன ஆகும், எல்லாம். கேட்பவர் கிடைத்ததில் எனக்கும் பெருமை. ஒரு பெரிய ஜங்ஷன் வந்தது. இங்கே டீ நன்றாக இருக்கும் என்றேன். அவர் தயங்கினார்.

“ரயில் போயிடாதே சார்?”

“டைம் இருக்கு, இறங்குங்க. பத்து நிமிஷம் நிக்கும்.”

எப்போதும் பத்து நிமிடம் நிற்கும் வண்டிதான். அன்று அது நாற்பது நிமிடம் தாமதம். தாமதமாக வருகிற வண்டியை நிறுத்தி வைக்க மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அது என் மண்டையில் உறைக்கவில்லை. நல்ல டீக்கடை நடைமேடையின் கோடியில் இருந்தது. இரண்டு வாய் குடித்திருப்போம். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

நான் கோப்பையை வீசிவிட்டு ஓடினேன், கம்பியைப் பிடித்தேன், ஏறினேன். கல்லூரி நாளிலிருந்து செய்துவந்ததுதான். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கி, மற்றவர்கள் படியேறும்போது நான் வெளியே பஸ்ஸில் இருப்பேன். அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். நான் விழாத நாட்கள் தொடர்ந்து வந்தன, அவ்வளவுதான்.

குணா பின்னால் ஓடி வந்தார், காலில் ஹவாய்ச் செருப்பு. நான் வாசலில் நின்று கையை நீட்டினேன். “வாங்க, வாங்க, கையப் பிடிங்க!” மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு கால் படியில் வந்தது. செருப்பு வழுக்கியது. நடைமேடைக்கும் படிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கூட இருக்காது; ஒரு மனிதனின் கால் போக அது போதுமாக இருந்தது. அவருடைய எடை முழுவதும் என் கையில் தொங்கியது. பிறகு தொங்கவில்லை. கை நழுவியதா, நான் விட்டேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோ சங்கிலியை இழுத்தார்கள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கையெழுத்துப் போட்டேன், ரத்தத்துக்கு ஆள் தேடினேன். மூன்றாம் நாள் அவருடைய அப்பா விமானத்தில் வந்து சேர்ந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “கடவுள் மாதிரி கூட இருந்தீங்க தம்பி” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கூட வந்த பயணி என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். என் மனைவியிடமும் அப்படித்தான்.

வெள்ளி, காலை ஆறேகால். கேம்பல் பே. பச்சை மலை, கீழே கொஞ்சம் தகரக் கூரைகள், நீண்ட ஜெட்டி. ஏணி வழியாக இறங்கும்போது கால் எனக்குச் சொந்தமானதாக இல்லை, கரையும் ஆடியது. கூட்டத்துக்கு நடுவே குணா நின்றிருந்தார். பேண்ட்டுக்குள் செயற்கைக் கால். கொஞ்சம் பருத்திருந்தார்.

“பஹுத் தக்லீஃப் ஆயிடுச்சா அண்ணே, ரொம்பக் கஷ்டமா? முகமே வாடிப்போச்சு,” என்று பையைப் பிடுங்கிக்கொண்டார். பின்னால் இரண்டு துணைச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். கோவிந்த் நகரில் இருக்கும் வீட்டுக்குப் பத்து நிமிடம். வழியில் குருத்வாரா, ரேஷன் கடை, சுனாமிக்குப் பிறகு மேட்டில் கட்டிக்கொடுத்த வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. குணாவின் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, நிலம் கொடுக்கிறார்கள் என்று எழுபதுகளில் இங்கே வந்தவர். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையவில்லை. வனஜா வாசலில் நின்று, “வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றார். மூன்று வயது யாழினி அவருடைய சேலைக்குப் பின்னாலிருந்து என்னை எட்டிப் பார்த்தாள். “மாமா பாரு, மாமா” என்று அவளை என் பக்கம் தள்ளினார்கள். நாளைக்கு ஒன்பது மணிக்குக் காதுகுத்து.

பிற்பகல் இரண்டு. வீட்டையொட்டிய கொட்டகைதான் குணாவின் பட்டறை. படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். முன்பு டிங்கிப் படகிலேயே போய்ச் சரிசெய்வாராம். இப்போது எஞ்சின்கள் அவரிடம் வருகின்றன. செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே மடித்துக் கட்டிய கைலி.

“குணா, ஒண்ணு சொல்லணும்.”

அவர் தலை நிமிரவில்லை. “டைம் இருக்குன்னு சொன்னதா?”

பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தேன்.

“அது மறக்குமாண்ணே? ரயில் போயிடாதேன்னு கேட்டேன். டைம் இருக்கு இறங்குங்கன்னீங்க. அதுக்கப்புறம் நடந்ததுகூட சரியா ஞாபகம் இல்ல. அந்த வார்த்தை மட்டும் அப்படியே இருக்கு.”

“வீட்ல?”

“யாருக்கும் தெரியாது.”

“ஏன் சொல்லல?”

துணியை உதறி மடித்தார். “முத ஒரு வருஷம் உங்க மேல சரியான கடுப்பு. பொங்கலுக்குப் போன் பண்ணுவீங்கல்ல. இன்னைக்குக் கேட்டுரணும், இவன நாறடிச்சுரணும்னு நெனச்சுத்தான் எடுப்பேன். நீங்க சௌக்கியமாம்பீங்க. டீக் ஹை, நல்லாருக்கேன்னு வச்சுருவேன். அப்புறம் போகப் போக எனக்கே ஒண்ணு தோணுச்சு. இங்க போட்டைக் கட்டுறதுக்கு முன்னாடியே ஜெட்டில குதிக்கிறவன்தான் நான். மத்தவன் கயித்தப் போடுறதுக்குள்ள ரோட்டுல நிப்பேன். நீங்க சொல்லலேன்னாலும் இறங்கிருப்பேன், ஓடிருப்பேன். ஷாயத், ஒருவேளை. தெரியல.”

“நான் கைய விட்டேனா குணா?”

“எனக்கு ஞாபகம் இல்லண்ணே. நெசமா இல்ல.”

எதிரே ஒரு நாய் வெயிலில் புரண்டு படுத்தது. “நாளைக்கு உன் பொண்ண என்னால மடியில வச்சுக்க முடியாது” என்றேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவரை ஒருமையில் கூப்பிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

“வனஜா ஆசப்பட்டுட்டா. வேணாம்னா ஏன்னு கேப்பா. நான் என்ன சொல்றது?”

“நானே சொல்லிடறேன்.”

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “சொன்னா உங்களுக்கு லேசாயிடும். எனக்கு?”

அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாலை ஐந்து. இங்கே அதற்குள் பொழுது சாய்கிறது. முன்னறையில் அப்பா நாற்காலியில் இருந்தார். வனஜா தரையில் உட்கார்ந்து மறுநாளைக்கு வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார். குணா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். வண்டி தாமதம் என்று எனக்குத் தெரிந்திருந்ததை, இறங்குங்கள் என்று சொன்னதை, கையை நீட்டி ஓடிவரச் சொன்னதை, பிறகு யாரிடமும் சொல்லாததை. சுற்றி வளைக்காமல் சொன்னால் இரண்டு நிமிடம் கூட ஆகாத விஷயம் அது.

என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வனஜா குணாவைப் பார்த்துத் திரும்பினார்.

“தெரியாத ஊர்ல யாரக் கேட்டு இறங்குனீங்கன்னு எத்தன தடவ கேட்டிருக்கேன்? டீக்கு ஆசப்பட்டுக் கால விட்ட மனுசன்னு எங்கம்மா முன்னாடியே சொன்னேன். வலி வந்து கத்துறப்ப எல்லாம் சொன்னேன். அப்பக்கூட வாயத் தொறக்கலையே நீங்க.”

“சொன்னா கால் முளைக்குமா?”

“கால் முளைக்காது. நான் அந்த வார்த்தைய சொல்லாம இருந்திருப்பேன்ல.”

வனஜாவின் மடியிலிருந்த வெற்றிலை தரையில் சரிந்தது. அவர் அதைப் பொறுக்கி அடுக்கினார், ஒவ்வொன்றாக. குணாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடு என்று வனஜாவின் வீட்டிலேயே பேசியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லாதவர் இவர். அதை ரேவதி எனக்குச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வந்த எல்லாக் கோபத்தையும் இவர் கொட்டுவதற்கு இடமாகக் குணா இருந்திருக்கிறார். அது எனக்கு வர வேண்டிய கோபம்.

“நீங்க என்கிட்டயும் போன்ல பேசிருக்கீங்க,” என்றார் என்னிடம். “அஞ்சு வருசம்.” எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்பா எழுந்து, கோழிகளைக் கூண்டில் அடைக்கப் போனார். ஐந்தாறு கோழிகள்தான். திரும்பி வர நெடுநேரம் பிடித்தது.

சனி, காலை ஆறு. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று இரவாகச் சரியாகத் தூங்காத உடம்பு. எழுந்து நிற்கவே யோசனையாக இருந்தது. வனஜா டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். கண் வீங்கியிருந்தது.

“மடியில வேண்டாம் சார். பக்கத்து வீட்டு பல்விந்தர் பையாகிட்ட சொல்லிட்டேன். நீங்க இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

நேற்று வரை அண்ணன். சரிம்மா என்றேன். தோடு இருந்த பையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குப் பந்தலில் நாற்பது பேர் இருந்தார்கள். தமிழர்கள் பாதி, மற்றவர்கள் பஞ்சாபி, தெலுங்கு, மராத்தி. எல்லோரும் பேசிக்கொண்டது இந்தியில். பல்விந்தருடைய அப்பாவும் அதே காலத்தில் வந்து குடியேறிய ராணுவக்காரர்தானாம். பல்விந்தர் சிங், நாற்பது வயது, தலைப்பாகைக்குப் பொருத்தமாகப் பட்டு வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். “மேரா காம் கியா ஹை தாத்தா?” என்று தன் வேலை என்னவென்று குணாவின் அப்பாவிடம் கேட்டார்.

“புள்ள அழும். நீ அழாம உக்காந்திரு. அவ்வளவுதான் காம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஊசி குத்தியதும் யாழினி போட்ட கூச்சலில் பல்விந்தரின் கண்தான் முதலில் கலங்கியது. நான் பந்தலின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிறகு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு சாம்பார் பரிமாறினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வனஜா உட்கார்ந்திருந்த இலைக்கு வந்தபோது, அவர் கையால் போதும் என்று காட்டினார். அதற்கு மேல் ஊற்றவில்லை.

ஞாயிறு, பிற்பகல் இரண்டு. கப்பல் மூன்று மணிக்கு. வனஜா வாசல் வரை வந்தார். “பாத்துப் போங்க” என்றார். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. குழந்தை காதைத் தொடாமல் இருக்க இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

குணா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். அப்பா எங்களுக்கு முன்பே பல்விந்தரின் ஜீப்பில் வந்து ஜெட்டியில் நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவே இல்லை. குணா பையை ஏற்றிவிட ஏணிப் பக்கம் போனதும், என்னை நேராகப் பார்த்தார்.

“ஓடுற வண்டில ஏறுறத விட்டாச்சா?”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். “முழுசா விடலைங்க ஐயா,” என்றேன். “அதுக்கப்புறம் ஆறு மாசம் விட்டிருந்தேன். பிறகு அவசரத்துல ஏறிருக்கேன். ரெண்டு மூணு தடவ.”

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, நம்ப முடியாமை. என் பையனுடைய காலைப் பார்த்த பிறகுமா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. சங்கு ஊதியது. அது நிற்கும்வரை காத்திருந்தார்.

“விட்டுடுங்க,” என்றார். கட்டளை மாதிரித்தான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டுல ஆளுங்க இருக்காங்கல்ல” என்றார்.

குணா வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “பொங்கலுக்குப் போன் பண்ணுங்கண்ணே. நான்தான் எடுப்பேன்.” ஏணியின் மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது, அப்பாவும் மகனும் ஜெட்டியின் கோடிக்கு வந்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்து, கப்பல் விலகி, இடையில் தண்ணீர் அகலமாகும்வரை நின்றார்கள்.

புதன், மாலை நாலே முக்கால். தாம்பரம். இரண்டு நாள் கப்பல், ஜங்லிகாட்டில் ஓர் இரவு, ஒரு விமானம். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோதே திண்டிவனம் போகிற வண்டி நகர்ந்துவிட்டது. எந்த அறிவிப்பும் என் காதில் விழவில்லை. கடைசி மூன்று பெட்டிகள் இன்னும் நடைமேடையில்தான் இருந்தன, ஏறியிருக்கலாம். என் கால்கள் நான் சொல்லாமலே நாலு எட்டு ஓடிவிட்டன. அதற்குப் பிறகுதான் நின்றேன். பை தோளை அறுத்தது. அடுத்த வண்டிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

“வண்டி போயிடுச்சு. அடுத்ததுலதான் வர்றேன்.”

இருபத்தாறு வருடத்தில் என் மனைவி என்னிடமிருந்து கேட்டிராத வாக்கியம் அது.

“என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. வந்து சாப்பிட்டுட்டு ஒரு விஷயம் சொல்லணும். நீ படுத்துடாத.”

“யாரைப் பத்தி?”

“என்னைப் பத்தித்தான்,” என்றேன்.